இரண்டையும் பெரிதாக்கினேன்

வருடத்துக்கு ஒருமுறை, நான் இன்னும் செத்துவிடவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்டிவிட்டு வர வேண்டியிருக்கிறது. இந்த வருடம் தேனி கருவூலத்தில் அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில் இப்போது கவிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக மழைக் கணக்கு நிறைந்திருந்தது. மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள், கணக்கு பட்டை பட்டையாகப் படமாகிவிட்டது. இன்னொரு தட்டில் பிரிண்டர் காகிதத்தை வெளியே தள்ளியது.

நல்ல வேலைதான். ஆனால் காகிதத்தை வாங்கி, சுவரில் ஒட்டியிருந்த போன மாதப் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, போன மாசப் படத்துல பட்டை இவ்வளவு உயரம். இந்த மாசம் மழை கம்மி, பட்டை அதே உயரமா நிக்குதே?"

"தாளுக்குத் தக்கன ஃபிட் பண்ணிருக்கேம்மா. அளவை அதுவாவே பாத்துக்கிரும்."

அதுவாகவே பார்த்துக்கொள்ளுமாம். அளவு என்பது தானாக எதையும் பார்த்துக்கொள்ளாது. யாரோ ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார், யாருக்காகவோ பார்த்துக்கொள்கிறார். இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அந்தக் காலத்துல எப்படிம்மா படம் போடுவீக, எல்லாம் கையாலயா?" என்றாள்.

"இல்ல, காலால" என்றேன்.

"கோவிச்சுக்கிடாதீக. எங்க சங்கப் பத்திரிகைக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று ஒரு வரிகூட என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். குனிந்து குனிந்து வரைந்து என் கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. கம்ப்யூட்டர் அப்போதே வந்திருந்தால் முதல் மாலையை நான்தான் அதற்குப் போட்டிருப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓடைப்பட்டி. பெயர் பாண்டியம்மாள். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, மதுரையில் தொழிற்பயிற்சியில் வரைவாளர் படிப்பும் முடித்து, அறுபதுகளின் கடைசியில் தேனியில் அந்த அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், கடைசிவரை என்னைக் கடைசி பெஞ்சில்தான் வைத்திருந்தார்கள். அலுவலகத்தின் பெயரை எழுத மாட்டேன். பயமில்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள், பழைய அழுக்கை அவர்கள் சட்டையில் பூசுவானேன்?

எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் ஓர் அணை இருந்தது. வைகை அணை மாதிரி, பஸ் பிடித்துப் போய்ப் பூங்காவில் நின்று படம் பிடித்துக்கொள்கிற அணை அல்ல. மலையடிவாரத்தில் ஓர் ஓடையை மறித்துக் கட்டியது. ஒரு மதகு, ஒரு வாய்க்கால், வாய்க்காலின் இரு பக்கமும் வயல். மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் வயல்கள் தலைமடை, வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருப்பவை கடைமடை. தலைமடையில் கரும்பும் வாழையும் போட்ட பெரிய ஆட்கள். கடைமடையில் துண்டு துண்டாக நிலம் வைத்திருந்த சின்ன ஆட்கள். இந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பார்கள். நான் நம்பியதில்லை.

என் வேலை டிரேசிங். பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மையில் நகல் எடுக்க வேண்டும். அந்தத் துணி கஞ்சி போட்டு மெருகேற்றியது, கண்ணாடி போல அடியில் இருப்பது தெரியும். மேலே சாக்கட்டித் தூளைத் தூவித் துடைத்தால்தான் மை ஒட்டும். தண்ணீர் பட்டால் போச்சு. நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் வெளுத்துப்போகும், படத்தை முதலிலிருந்து போட வேண்டும். சித்திரையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரைவோம். வளையல் ஈர மையில் உரசுகிறது என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். அதற்கு, "தாலிய மட்டுமாவது போட்டிருக்கீகளா?" என்று ஒருவர் கேட்டார். "அது மையில் உரசலை" என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

வீணாய்ப்போன டிரேசிங் துணிக்கு அலுவலகத்தில் அடிபிடி. வெந்நீரில் அலசினால் கஞ்சியும் மெழுகும் போய், வெண்ணெய் மாதிரி மெல்லிய துணி வரும். கைக்குட்டை, பிள்ளைகளுக்குச் சட்டை, பாவாடை. எங்கள் அலுவலகத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் சட்டை அரசாங்கம் கொடுத்ததுதான். என் மகளுக்கும் தைத்திருக்கிறேன்.

மையில் நகல் எடுத்தால் படம் முடிந்துவிடாது. அதைக் காகிதத்தில் பிரிண்ட் போட வேண்டும். அந்த வேலை முழுக்கத் தலைமை வரைவாளர் ஞானராஜ் சாருடைய கையில் இருந்தது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் பள்ளிக்கூடத்தில் கோடு போடப் பழகி இங்கே வந்துவிட்டார். கோபமே வராது. அதனாலேயே எனக்கு அவர் மேல் அடிக்கடி கோபம் வரும்.

பிரிண்ட் போடுவது மொட்டைமாடியில். மரச் சட்டம் ஒன்று, அதில் கனமான கண்ணாடி. கண்ணாடிமேல் டிரேசிங், அதன்மேல் மருந்து தடவிய மஞ்சள் காகிதம், அதன்மேல் கம்பளி, கடைசியாகப் பின்பலகையை வைத்துத் திருகாணியை முடுக்கி, சட்டத்தைத் திருப்பிச் சூரியனுக்கு முகம் காட்டி வைப்பார். வெயில் பட்ட இடமெல்லாம் மருந்து செத்துக் காகிதம் வெளுக்கும். மை மறைத்த கோட்டுக்குக் கீழே மட்டும் மஞ்சள் நிற்கும். பிறகு காகிதத்தைச் சுருட்டி ஒரு மரப்பெட்டிக்குள் நிறுத்தி, அடியில் தட்டில் அம்மோனியாவை ஊற்றி மூடினால், அந்த மஞ்சள் கோடெல்லாம் ஊதாவாக மாறும். பெட்டியைத் திறக்கும்போது கண்ணில் நீர் கொட்டும். ஞானராஜ் சாருக்கு மட்டும் கொட்டாது. பழகிவிட்டதாம்.

எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது என்பதற்கு அவர் கடிகாரம் பார்த்ததில்லை. கீர்த்தனை ஒன்றை வாய்க்குள் பாடுவார். சித்திரை வெயில் என்றால் பல்லவியோடு சட்டத்தைத் திருப்பிவிடுவார். ஆடியில் மலையிலிருந்து சாரலும் காற்றும் இறங்கும்போது இரண்டு சரணம். மார்கழிப் பனியில் பாட்டு முழுவதும். நடுவில் யாராவது பேசினால் பாட்டை நிறுத்த மாட்டார், கையை மட்டும் உயர்த்துவார். பெரிய அதிகாரியே வந்து பேசினாலும் அதே கைதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் தைரியம் இருந்தது.

டிரேசிங்கின் வலது ஓரத்தில் கீழே மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், நகல் எடுத்தவர், சரிபார்த்தவர். மூன்றிலும் சுருக்கொப்பம் விழாமல் ஞானராஜ் சார் சட்டத்தைத் தொட மாட்டார்.

இனி அந்தப் பட்டைப் படத்துக்கு வருகிறேன்.

வருடா வருடம் மார்கழியில், இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு முன், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் விவசாயிகள் கூட்டம் நடக்கும். அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எங்கள் அலுவலகம் காட்ட வேண்டும். அதற்கு ஒரு படம். கீழே மதகு மட்டத்துக்கு ஒரு தடித்த கோடு. அதன்மேல் மாதத்துக்கு ஒரு பட்டை. மதகுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு உயரப் பட்டை. கரும்பலகையில் இடது பக்கம் போன வருடத்துப் படம், வலது பக்கம் இந்த வருடத்துப் படம். நான் சேர்வதற்கு முன்பிருந்தே இதுதான் முறை. அளவும் மாறியதில்லை.

பட்டையின் தலையில் அடிக்கணக்கு எழுதியிருப்போம். அதை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாமல் இல்லை, பாதிப்பேர் படித்தவர்கள்தான். ஒவ்வொருவராக எழுந்து வந்து, கடைசிப் பட்டையின் மேல் விரலை வைத்து, மதகுக் கோட்டிலிருந்து உச்சிவரை, நீட்டிய விரலின் முழு நீளத்தையும் வைத்து வைத்து, விரல் விரலாக அளப்பார்கள். எட்டு விரல் இருந்தால் நெல். எட்டுக்குக் குறைந்தால் சோளம், கம்பு. எத்தனையோ வருடம் வயலில் பட்டுப் பட்டு அவர்களாக வைத்த கணக்கு அது. கூட்டம் முடிந்து நான் படத்தைச் சுருட்டும்போது கடைசிப் பட்டை முழுக்க விரல் அழுக்காக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். சந்தானம் என்பவர் எங்களுக்குப் பெரிய அதிகாரியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், யாரையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசுவார். எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் பதவி உயர்வுக்கான ஃபைல் அப்போது அவர் மேஜையில் இருந்தது. உயர்வு வந்தால் கம்பத்தில் காலியிடம். என் வீட்டுக்காரர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஆபரேட்டர். கல்யாணமானதிலிருந்து அவர் அங்கே, நான் தேனியில், மகள் ஓடைப்பட்டியில் என் அம்மாவிடம். கம்பம் கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அந்த வருடம் ஐப்பசி மழை குறையில்லை. அணை நிரம்பத்தான் செய்தது. ஆனால் கார்த்திகையில் தலைமடைக் கரும்புக்காக மதகு திறந்தபடியே கிடந்தது. எழுத்தில் உத்தரவு கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. நீர்மட்டக் கணக்கு நாள் தவறாமல் என் மேஜைக்கு வரும் என்பதால் எனக்குத் தெரியும். மார்கழியில் நான் பென்சிலில் படம் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பட்டை நாலு விரல்தான் இருந்தது.

சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டார். ஞானராஜ் சாரும் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. இந்தப் படம் ரொம்பச் சின்னதா இருக்கே. பின்னாடி உக்கார்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா? ரெண்டு மடங்கா பெரிசாப் போட்டுருங்க."

"பெரிசாப் போட்டா தாள் பத்தாது சார்."

"பழைய மாசமெல்லாம் எதுக்கு? கார்த்திகை, மார்கழி மட்டும் போதும்."

"வழக்கமா ஒரே அளவுலதான் சார் போடுறது. அவுக விரலை வச்சு அளப்பாக."

"தெரியுமே" என்று சிரித்தார். "எண்ணை மாத்தச் சொல்லலையேம்மா. எத்தனை அடி நிக்குதோ அதை அப்படியே எழுதுங்க. அளவை மட்டும் மாத்துங்க."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒன்றும் தெரியாமல் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவருக்கும் தெரியும். நாலு விரல் எட்டு விரலாகும். எட்டு விரலைப் பார்த்த கடைமடை நெல் நாற்றுப் பாவும். தை முழுக்கத் தண்ணீர் வரும், மாசியில் நின்றுபோகும், கதிர் வெளிவரும் நேரத்தில் பயிர் கருகும். அப்போது மழை மேல் பழி போட்டுக்கொள்ளலாம். நாலு விரலைக் காட்டினால் கூட்டத்தில் இப்போதே கேள்வி வரும். அதுதான் சங்கதி. கடைசியில் அவர் என் ஃபைலை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தார். சொல்லாமலே புரியும்படி வைத்தார்.

வெளியே வந்ததும் ஞானராஜ் சாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா சார்?"

"என்னத்தப் பேச? அடிக்கணக்கு சரியா இருக்குல்லம்மா. படத்துல தப்பு இல்ல."

"எண்ணு நம்ம ஆபீசுக்கு சார். பட்டை அவுகளுக்கு. அவுகளுக்குக் குடுக்குறதுல பொய் சொல்லச் சொல்றாக, தப்பு இல்லைங்கிறீக."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆங்காரம்தான் வந்தது. முடியாது என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் படத்தை வேறு டிரேசர் போடுவார், எட்டு விரல் எப்படியும் கரும்பலகையில் தொங்கும். கூட்டத்தில் எழுந்து பேசலாம். அரசாங்க ஊழியர் அதிகாரி முன்னால் பேசினால் அங்கேயே சீட்டுக் கிழிந்துவிடும், நான் சொன்னதை அவர் இனிமையாக மறுத்துவிடுவார். இரண்டாலும் கடைமடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பெரிசாகப் போடச் சொன்னார். சரி, போடுவோம் என்று முடிவு செய்தேன். எந்தப் படத்தை மட்டும் என்று அவர் சொல்லவில்லையே?

இந்த வருடத்துப் படத்தை அவர் சொன்னபடி இரண்டு மடங்காகப் போட்டேன். கொண்டுபோய்க் காட்டினேன். "அழகா இருக்கு" என்றார். பிறகு பீரோவிலிருந்து போன வருடத்துக் கணக்கை எடுத்தேன். அதே இரண்டு மாதம், அதே இரண்டு மடங்கு. போன வருடம் தண்ணீர் நிறைய நின்றது. அதனால் பட்டை துணியைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொரு துண்டுத் துணியில் மேல்பாதியைப் போட்டேன். ஒளித்து வைத்துச் செய்யவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, என் மேஜையில்தான் செய்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. பெண்பிள்ளை குனிந்து கோடு போட்டால் அதில் என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு எனக்கு அன்றைக்கு உதவியது.

டிரேசிங்குகளை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். ஞானராஜ் சார் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். போன வருடத்துப் படம் வந்ததும் கை நின்றது.

"இது போன வருசத்து பிரிண்ட் இருக்கே, ஏன் புதுசா?"

"பெரிசாப் போடச் சொன்னாகல்ல சார்."

இரண்டு வருடத்து டிரேசிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுக்கும் ஒரே அளவுதானே?"

"ஒரே அளவுதான். வேணும்னா ஸ்கேலை வச்சுப் பாருங்க."

பார்த்தார். பேனாவை எடுத்து, சரிபார்த்தவர் கட்டத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். மார்கழி வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பாட்டை முழுவதும் பாடினார், பிறகு முதல் சரணத்தை மறுபடியும் பாடினார். பிரிண்ட் நன்றாக வந்தது. மேல்பாதியையும் கீழ்பாதியையும் மைதாப் பசை போட்டு ஒட்டினேன்.

கூட்டத்தன்று பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் தலைமடை, தரையில் கடைமடை. சந்தானம் சார் முன்னால் பேசிக்கொண்டிருக்க, நானும் பியூனும் கரும்பலகையில் படங்களை மாட்டினோம். வலது பக்கம் இந்த வருடம், பலகைக்குள் அடங்கியது. இடது பக்கம் போன வருடத்தை விரித்துக்கொண்டே போனோம். பலகையின் சட்டத்தைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்துக்குக் கீழே போய் நின்றது. பியூன் பெஞ்சில் ஏறி நின்றுதான் ஆணியில் மாட்ட முடிந்தது.

சந்தானம் சார் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் கழற்றச் சொல்ல முடியுமா? "படங்களைப் பெரிசாப் போட்டிருக்கோம், எல்லாருக்கும் தெரியணும்னு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் எழுந்து வந்தது மாயக்கா. கடைமடையில் வாய்க்கால் முடிகிற இடத்தில் நிலம் அவருக்கு. புருஷன் இல்லை, இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு தானே உழுபவர். வழக்கம்போல வலது பக்கப் பட்டையில் விரலை வைத்தார்.

"எட்டு. எட்டு இருக்குப்பா. நெல்லு போட்டுறலாம்."

தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. இத்தோடு திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? நான் வாயைத் திறக்க முடியாது. இடது பக்கப் படத்தின் கீழ்முனை காற்றில் ஆடுவதுபோல அதைப் பிடித்து நீவிவிட்டேன். மாயக்கா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், விரலை அதில் வைத்தார். எட்டு விரல் போனது. இன்னும் எட்டு போனது. பட்டை முடியவில்லை. கையை உயர்த்தினார், எட்டவில்லை.

"ஏத்தா, இது எந்த வருசத்துது?"

"போன வருசத்துதுக்கா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

"போன வருசம் எட்டு விரலுக்குக் கொஞ்சம் மேலதான இருந்துச்சு? நாந்தான அளந்தேன்?"

சந்தானம் சார் எழுந்தார். "பெரிசாப் போட்டிருக்கோம்மா. அதான் அப்படித் தெரியுது."

"சரிதான் சாமி. பெரிசாப் போட்டா ரெண்டும்தான பெரிசாகும்? அப்ப போன வருசத்துல இது பாதிகூட இல்லையே." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, எந்திரிச்சு வந்து இங்கன பாருங்கடா! எட்டு இல்லடா இது, நாலு!"

தரை மொத்தமும் எழுந்தது. ஆளாளுக்கு விரலை வைத்தார்கள். ஒருவர் துண்டால் அளந்து துண்டில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். "ரெண்டு வருசமும் ஒரே மழதான? மீதித் தண்ணி எங்கிட்டுப் போச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்வரிசை நாற்காலிகள் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதில் அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் கூட்டம் முடியும்போது ஒன்று முடிவாகியிருந்தது. கடைமடை நெல் போடாது, சோளம் போடும். இருக்கிற தண்ணீரை முறைவைத்து விட வேண்டும்.

அடுத்த நாளே எனக்கு மெமோ வந்தது. படம் தப்பு என்று போட முடியாது, ஏனென்றால் தப்பில்லை. அனுமதியின்றி அரசு டிரேசிங் துணியைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அலுவலகத்தில் பாதிக் குழந்தைகள் அந்தத் துணியைத்தான் உடுத்தித் திரிந்தன, ஒரு மெமோவும் வந்ததில்லை. படத்தைப் பெரிதாக்கும்படி வாய்மொழி உத்தரவு, பெரிதாக்கினேன் என்று இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதினேன். திருப்தி இல்லை என்று திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் விஷயம் முடியும், பதவி உயர்வு ஃபைலும் நகரும் என்று ஞானராஜ் சார் வழியாகச் சொல்லியனுப்பினார்கள்.

"ஒரு வரிதானம்மா" என்றார் ஞானராஜ் சார். "எழுதிக் குடுத்திருங்க."

"நீங்களும்தான சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டீக. நீங்க எழுதிக் குடுத்தீகளா?"

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"கேட்டா?"

பதில் இல்லை. அவர் செத்து வெகுகாலமாகிவிட்டது. அந்த மௌனத்துக்காக எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அந்தச் சுருக்கொப்பத்துக்காக மரியாதையும் இருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோயர் கேம்பிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். கம்பத்தில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுதிக் குடுத்துத் தொலையேன் புள்ள. வருந்துறேன்னு எழுதுனா கை தேஞ்சா போகும்?"

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு வருந்தச் சொல்றீக?"

"தப்புப் பண்ணவுகளா வருத்தம் எழுதுறாக? சம்பளம் வாங்குறவுக எழுதுறாக."

"தலைமடைக்குத் தண்ணிய வித்தவுக எழுதட்டும் மொதல்ல."

"அப்ப நம்ம பிள்ளை?" என்றார். நான் தட்டில் சோற்றைப் போட்டேன். அவர் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு நான் அழுதேன். கடிதம் எழுதவில்லை, அழுதேன். இரண்டும் வேறு வேறு.

பங்குனியில் சந்தானம் சார் கடைசியாகக் கூப்பிட்டார். கடிதத்தை அவரே டைப் அடித்து வைத்திருந்தார். வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது. கீழே என் பெயர், மேலே கையெழுத்துக்கு இடம்.

"உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன். கம்பம் போஸ்ட் அடுத்த வாரம் போயிரும்."

"இனி நடக்காதுன்னு எழுதியிருக்கீகளே சார். அடுத்த வருசமும் பெரிசாப் போடச் சொன்னா ரெண்டையும்தான் பெரிசாப் போடுவேன். அப்புறம் நான் எழுதிக் குடுத்தது பொய்யாயிரும்ல?"

அன்றைக்குத்தான் அந்த மெல்லிய குரல் உடைந்தது. "வெளிய போங்க" என்றார். வந்துவிட்டேன். காகிதம் மேஜையிலேயே கிடந்தது.

வராந்தாவில் மாயக்கா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு சாக்குப் பை. புதுச் சோளம். "எங்க வீட்டுக்கு எதுக்குக்கா" என்றேன்.

"திம்பீல்ல? தின்னு. நெல்லு போட்டிருந்தா இந்நேரம் பதரத்தான் கொண்டாந்திருப்பேன்" என்றார். சந்தானம் சாரின் அறைக்கதவு திறந்திருந்தது. பையை மறைக்காமல், அந்தக் கதவுக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

கம்பம் வேலை வேறொருவருக்குப் போனது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். மகள் ஓடைப்பட்டியிலேயே வளர்ந்தாள். அதெல்லாம் எனக்கு நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடிதம் மட்டும் நான் ஓய்வு பெறும்வரை ஃபைலில் கையெழுத்தில்லாமல்தான் கிடந்தது. அந்த வருடம் கடைமடையில் ஒருத்தர் நெல்லும் கருகவில்லை. போட்டால்தானே கருகும்.